சித்தப்பாவுடன் பேக்கரின் சுவர்களைப் பார்க்க

புதன் இரவு, தம்பானூர்

குறைந்த செலவில் வீடு கட்டியதற்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய கட்டடங்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். கூட வந்திருப்பவர் என் சித்தப்பா. நாகர்கோவில் பக்கம் ஆயுசு முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். இளவயதில் திருவனந்தபுரத்திலேயே தங்கிச் சுவர் கட்டியிருக்கிறார், மலையாளம் சரளம். பார்வதிபுரத்தில் நாங்கள் வீடு கட்டப் போகிறோம். என்ஜினியர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் பேக்கர், பேக்கர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பூசாத சுவருக்கா மக்ளே இவ்வளவு பேச்சு?" என்பது சித்தப்பாவின் கட்சி. சரி, நேரில் பார்த்துவிட்டு அப்புறம் சண்டை போடுவோம் என்று ரயிலேறிவிட்டோம்.

தெரியாதவர்களுக்காக: பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937இல் வெளியே வந்தார். போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அதனால் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவில் காயம்பட்டவர்களையும் தொழுநோயாளிகளையும் பார்த்துக்கொண்டார். 1945இல் தொழுநோய் மிஷனுக்கு வேலை செய்ய இந்தியா வந்தவர், 2007 ஏப்ரல் 1 அன்று இந்த ஊரில் இறந்தார். நடுவில் இந்தியக் குடியுரிமையும் பத்மஸ்ரீயும் வாங்கியாயிற்று. இந்த நகரத்தில் மட்டும் அவர் கட்டிய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சிவப்புச் செங்கலில் உருளையாக ஒரு கட்டடம். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். பேக்கரின் கட்டடங்களில், யாரிடமும் அனுமதி வாங்காமல் ஒரு காபிக்காக உள்ளே போய் உட்காரக்கூடிய ஒன்று இது. உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே ஒரு சரிவாகி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சரிவின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டுமானமாகவே இருக்கின்றன, ஒரு நாற்காலிகூட இழுத்துப்போட முடியாது. தரை சாய்ந்திருந்தாலும் மேசை மட்டமாக இருக்கிறது. சித்தப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கண்ணை மேசை உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரசமட்டம் கொண்டு வராததில் அவருக்கு வருத்தம்.

சுவர் முழுக்கச் சிறு சிறு ஓட்டைகள். அதன் வழியாகத் தம்பானூரின் ஹாரன் சத்தமும் காற்றும் சேர்ந்தே வருகின்றன. தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் தட்டுகளை ஏந்தி நாள் முழுக்க இந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் முழங்காலைப் பற்றி பேக்கர் யோசித்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பேரை உட்காரவைக்க வேறு வழியும் தோன்றவில்லை. காபி சுமார். பீட்ரூட் போட்ட மசால் தோசை சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

வியாழன்

இன்று முழுக்க, நகரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் (Centre for Development Studies). சி.டி.எஸ். என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது. அங்கே வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவர் வாசலில் பெயர் எழுதி எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

பொருளாதார அறிஞர் கே.என். ராஜும் அப்போதைய கேரள முதலமைச்சர் அச்சுத மேனனும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய நிறுவனம் இது. வளாகத்தைக் கட்டும் வேலை பேக்கரிடம் வந்தது. ஏழை நாடு எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று ஆராயும் இடம், தானே ஊதாரித்தனமாக நிற்கக்கூடாது அல்லவா. மேடும் பள்ளமுமான நிலம். பேக்கர் மண்ணை வெட்டிச் சமன் செய்யவில்லை. மரம் நிற்கிற இடத்தில் சுவர் வளைந்து ஒதுங்கிப் போகிறது. பள்ளம் வந்தால் படி இறங்குகிறது. நடுவே நூலகக் கோபுரம். எந்தப் பக்கம் சுற்றினாலும் செங்கல், செங்கல், செங்கல். ஒரு துளி பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை.

சித்தப்பா முதல் சுவருக்கு முன்னால் நின்றவர்தான், கால் மணி நேரம் நகரவில்லை. விரலால் கோடுகளைத் தடவினார். "இது இங்கிலீஷ் பாண்டு இல்லையே" என்றார்.

இல்லைதான். நம் ஊரில் கொத்தனார்கள் காலகாலமாகக் கட்டுவது இங்கிலீஷ் பாண்டு, அதாவது செங்கல்லைப் படுக்கவைத்து ஒரு வரிசை நீளவாட்டிலும் அடுத்த வரிசை குறுக்குவாட்டிலும் அடுக்குவது. பொதுப்பணித் துறை வழியாக வெள்ளைக்காரன் விட்டுப்போன முறை. பேக்கர் கொண்டுவந்தது எலிப்பொறிக் கட்டு (rat-trap bond). அதுவும் இங்கிலாந்தில் சிக்கனமாகக் குடிசை வீடுகளும் தோட்டச் சுவர்களும் கட்டப் பயன்பட்டதுதான். இதில் செங்கல்லைப் படுக்கவைப்பதில்லை, பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். சித்தப்பா அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒன்பது, நாலரை, மூன்று அங்குலச் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒன்று நிமிர்ந்து நின்றால் மூன்று அங்குலம், உள்பக்கம் இன்னொன்று மூன்று அங்குலம். சுவர் ஒன்பது அங்குலம். அப்படியானால் நடுவில் மூன்று அங்குலம் வெறும் பொந்து. இரண்டு பக்கத்தையும் இணைக்க இடையிடையே குறுக்காக ஒரு செங்கல். படுக்கவைத்தால் ஒரு வரிசைக்கு மூன்று அங்குல உயரம் கிடைக்கும், நிமிர்த்தினால் நாலரை. வரிசைகள் குறையும், கலவையும் குறையும். 100 செங்கல் பிடிக்கிற இடத்தில் 75 போதும். பொந்தில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது.

"சரிதான், ஆனா பலம்?" என்று கேட்டேன். "கூரையோட பாரம் ரெண்டு பக்கத்துச் செங்கல்லயும் இறங்குது. நடுவுல நீ எதை ரொப்பினாலும் அது சும்மா கிடக்கத்தான் செய்யும், பாத்துக்கோ." நான் மாதக்கணக்காகப் படித்துச் சொல்லிப் பார்த்ததை அவரே எனக்குச் சொல்லிக்கொடுக்கும் தொனி. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஜன்னல்கள். இங்கே ஜன்னல் என்பதே குறைவு. அதற்குப் பதிலாக ஜாலி, அதாவது செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர். மரச்சட்டம் வேண்டாம், கம்பி வேண்டாம், கண்ணாடி வேண்டாம், அதை மாட்ட ஆசாரி கூலியும் வேண்டாம். திருடன் உள்ளே வர முடியாது, காற்று வரும், கண் கூசாத வெளிச்சம் வரும். ஒரு கட்டடத்தில் சுவர் பக்கத்தில் சின்னக் குளம். அதன்மேல் வரும் காற்று ஜாலி வழியாக நுழையும்போது குளிர்ந்துவிடுகிறது. நாங்கள் போனது உச்சிவெயிலில். நடைவழியில் ஃபேனைத் தேடவே தோன்றவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே கான்கிரீட் லிண்டல் போடாமல் செங்கல் வளைவாலேயே முடித்திருக்கிறார். வளைவு கட்டத் தெரிந்த கொத்தனார் கையில் இருந்தால் கம்பி எதற்கு?

இந்த இடத்தில் சித்தப்பா கேட்டதுதான் இன்றைக்கு எனக்கு முக்கியமாகப் பட்டது. "இந்த ஆள் பிளான் போட்டுக் குடுத்துட்டு ஆபீஸ்ல இருந்தாரா, சைட்ல நின்னாரா?"

நின்றார். பேக்கர் வரைபடம் போட்டு அனுப்பிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் விடுபவர் அல்ல. கட்டித் தருபவரும் அவரேதான். அவரே பழக்கிய கொத்தனார்களும் ஆசாரிகளும் வீட்டுக்கு வீடு அவர்கூடவே போவார்கள். பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கோட்டுப்படம் போட்டுக் கொடுப்பார். காலையில் சைட்டுக்கு வந்து பார்த்து, இந்தப் பாறையை உடைக்க வேண்டாம், சுவரை இப்படித் திருப்பு என்பார். சித்தப்பா தலையாட்டினார். "அதான். இதை ஆபீஸ்ல இருந்து கட்ட முடியாது."

இரவு அறையில் உட்கார்ந்து காந்தி கதையைச் சொன்னேன். சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது பேக்கர் காந்தியைச் சந்தித்தார். அவர் போட்டிருந்த, துணியால் கையிலேயே செய்த செருப்பு காந்தியின் கண்ணில் பட்டதாம். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். சித்தப்பாவின் கேள்வி உடனே வந்தது: "நம்ம பார்வதிபுரத்துல அஞ்சு மைலுக்குள்ள என்ன கிடைக்கும்? ஹாலோ பிளாக் கிடைக்கும்."

வெள்ளி

காலையில் ஸ்ரீகாரியம், லயோலா வளாகத்தில் இருக்கும் தேவாலயமும் அரங்கமும். ஆயிரம் பேர் வரை உட்காரலாம். அவ்வளவு உயரமான சுவரை கான்கிரீட் தூண் எழுப்பாமல் எப்படி நிறுத்தினார் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு தடித்த சுவருக்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டு மெல்லிய சுவர்கள், நடுவே குறுக்குக் கட்டுகள். இரண்டிலும் கீழிருந்து மேல்வரை ஜாலி. பாதி வெற்றிடமாக இருக்கிற சுவர் கூரையைத் தாங்குகிறது. சித்தப்பா இங்கே எதுவும் சொல்லவில்லை, செல்போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் படம் எடுப்பது பேரன் பேத்திகளை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அங்கிருந்து நாலாஞ்சிறை. பேக்கர் தன் குடும்பத்துக்குக் கட்டிய 'ஹேம்லெட்' இங்கேதான். யாரும் வாங்க யோசிக்கும் செங்குத்தான பாறைச் சரிவு. ஒரு சின்னக் குடிலாகத் தொடங்கி, தேவைப்பட்டபோது ஓர் அறை, இன்னோர் அறை என்று மலைச்சரிவோடு வளர்ந்த வீடு. இடித்த வீடுகளின் மரமும் ஓடும் உடைந்த ஓடுகளின் துண்டுகளும் இதில் போயிருக்கின்றன. தனியார் வீடு என்பதால் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

பேக்கருடைய மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. எலிசபெத் ஜேக்கப், மலையாளி மருத்துவர். 1948இல் திருமணம். தேனிலவுக்கு இமயமலைப் பகுதியில் இருக்கும் பித்தோராகட் போனவர்கள், அந்தப் பக்கத்து மக்கள் மருத்துவம் தேடி வந்ததைப் பார்த்து அங்கேயே தங்கி ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பதினைந்து வருடங்களுக்கு மேல். அவர் வைத்தியம் பார்க்க, இவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து கம்பவுண்டர் வேலை வரை எல்லாம் பார்த்தார். பர்மிங்காம் படிப்பு அந்த மலையில் உதவவில்லை. ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து, குளிரும் மழையும் தாங்கும் வீடுகளைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கற்றதுதான் தன் படிப்பு என்பது பேக்கர் அடிக்கடி சொன்ன விஷயம். 1963இல் கேரளத்தின் வாகமண், அந்தப் பத்தாண்டு முடியும்போது திருவனந்தபுரம். இன்று நாம் பேசும் பேக்கர் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறார். நான் ஆறுதலுக்காக இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மாலையில் தெரிந்தவர் மூலம் ஒரு பேக்கர் வீட்டுக்குள் போக முடிந்தது. யார், எங்கே என்று எழுதப்போவதில்லை. வீட்டுக்கார அம்மா டீ கொடுத்து, ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கோடையில் வீடு குளுமை, சந்தேகமே இல்லை. ஆனால் ஜாலி வழியாகத் தூசி, கொசு, சாரல். சிலந்தி வலை தட்டுவது தினசரி வேலை. பின்னறையில் ஏ.சி. போட வேண்டியிருந்ததால் ஜாலிக்கு உள்பக்கம் கண்ணாடி அடித்துவிட்டார்கள். சுவரில் ஆணி அடித்தால் சில இடங்களில் பொந்துக்குள் போய்விடுகிறது. "பிள்ளைகள் இடித்துக் கட்டலாம் என்கிறார்கள், நான் விடவில்லை" என்றார். ஏன் என்று கேட்டதற்கு நிலத்தின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், பதில் வரவில்லை.

சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தது கூரையை. வரிசை வரிசையாகப் பழைய மங்களூர் ஓடுகள் தளத்தின் அடிப்பக்கத்தில் பதிந்து தெரிந்தன. ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தில் பாரம் அமுக்குவது மேல்பாதியை. கீழ்ப்பாதி இழுவையில் இருக்கிறது, இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர பெரிய வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் கொட்டினால் சிமென்ட் மிச்சம், எடை குறைவு. எடை குறைந்தால் கம்பியும் குறையும். ஓடுகளுக்கு நடுவில் சிக்கிய காற்று மொட்டைமாடிச் சூட்டைத் தடுக்கும். கீழே பூச வேண்டாம், ஓடே அலங்காரம்.

"இது நல்லாருக்கு" என்றார் சித்தப்பா. மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

சனி

விளப்பில்சாலையில் பேக்கர் பெயரில் இருக்கும் பயிற்சி மையம். சுருக்கமாக முடிக்கிறேன், மழை வெளுத்து வாங்கியதால் பாதிதான் பார்த்தோம். மண், மூங்கில், செங்கல் என்று செலவு குறைந்த கட்டுமானத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1985இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், பேக்கர் எல்லோரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பின் ஆட்கள்தான் இந்த முறையைக் கேரளம் முழுக்க இன்றும் கொண்டுபோகிறார்கள். தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. பேக்கர் வரைந்தது, அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் கட்டி எழுப்பியது, 1996இல் திறந்தது.

திரும்பும் வழியில் புதுப் பணக்கார வீடுகள் நிறைய. ஒன்றின் முகப்பு முழுக்க அழகான செங்கல். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போன சித்தப்பா, ஓரத்தில் விரலால் சுண்டிவிட்டு வந்தார். "டைல்ஸ்!" ஹாலோ பிளாக்கில் சுவர் கட்டி, சிமென்ட் பூசி, பூச்சின்மேல் செங்கல் மாதிரியே இருக்கும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பேக்கர் பூச்சைத் தவிர்த்தது அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக. இங்கே பூசாத தோற்றத்துக்காகப் பூச்சுக்கு மேல் இன்னொரு செலவு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சித்தப்பா சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை மறுக்கவும் முடியவில்லை. பேக்கர் கட்டிய காலத்தில் கூலி குறைவு, சிமென்டும் கம்பியும்தான் விலை. கைவேலையைக் கூட்டிப் பொருளைக் குறைத்தால் லாபம். இன்று கேரளத்தில் ஒரு கொத்தனாரின் நாள் கூலி என்னவென்று கேட்டுப் பாருங்கள். வேலைக்கு வருபவர்களும் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், இந்தக் கட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. வளைவு கட்டும் நேரத்தில் லிண்டலை வார்த்துவிட்டுப் போய்விடலாம். செங்கல்லும் முன்புபோல மலிவாக இல்லை. சுட விறகு வேண்டும், மண் எடுக்கக் கட்டுப்பாடு. சுட்ட செங்கல் எரிக்கும் விறகைப் பற்றிப் பேக்கரே கவலைப்பட்டு, பின்னாளில் மண் சுவரைத்தான் அதிகம் வலியுறுத்தினார். படங்கள் வரைந்து சின்னச் சின்னக் கையேடுகளாக எழுதியும் கொடுத்தார். அவர் இன்று பார்வதிபுரத்துக்கு வந்தால் செங்கல் என்றே சொல்லாமல் போகலாம். அவர் சுவரைக் காப்பியடிப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிறு, தக்கலை

ஊர் திரும்பும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையில் இறங்கினோம். திங்கள்கிழமை மூடியிருக்கும், நினைவில் வையுங்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எத்தனையோ தடவை வந்த இடம்தான், அப்போதெல்லாம் பெரிய வாளையும் கட்டிலையும் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். இந்த முறை இரண்டு பேரும் நின்றது ராஜாவின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில். மரச் சல்லடைகளின் வழியாக வெளிச்சம் பொடிப்பொடியாக விழுந்து, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஜில்லென்று இருக்கிறது. மரத்தில் ராஜாவுக்குச் செய்தது. பேக்கர் செங்கல்லில் செய்து மாணவர் விடுதிக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கும் கொடுத்தார். 1956 வரை நம் கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரத்தோடு ஒரே சமஸ்தானமாக, ஒரே மாநிலமாக இருந்ததுதானே. இந்த வெயிலுக்கும் மழைக்கும் வேண்டிய வீட்டு அறிவு எல்லைக்கோட்டோடு நின்றுவிடவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக் கணக்கை முடித்தோம். ஃபில்லர் ஸ்லாப் இரண்டு தளத்துக்கும் உண்டு. தக்கலைப் பக்கம் இடிக்கிற பழைய வீடுகளில் ஓடு கிடைக்கும், சித்தப்பாவே விசாரிக்கிறார். எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் நான்கு பக்கமும் நேராக, ஒரே அளவாக இருக்க வேண்டும். நம் சூளைச் செங்கல் ஒன்று கோணல், ஒன்று குட்டை. அதனால் செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சூளை சூளையாகப் போய் அளந்து பார்க்கப் போகிறோம். தேறினால் வெளிச்சுவர் அப்படித்தான். ஜாலி மாடிப்படிக்குப் பக்கத்திலும் சமையலறைக்குப் பின்னாலும் மட்டும், சாரலடிக்கும் மேற்குப் பக்கம் கூடாது. படுக்கையறையில் அம்மா பூச்சு வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதில் மேல்முறையீடு கிடையாது.

என்ஜினியரிடம் இதையெல்லாம் யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. "நீயே பேசு மக்ளே. நான் சைட்ல நிக்கேன்" என்கிறார் சித்தப்பா.